புளியங்கொட்டைக்கு நிகழ்தகவு கண்டுபிடிப்பது எப்படி?

படிவம் 2 கணிதத்தில் நிகழ்தகவு வந்ததும் பிள்ளைகள் பகடையை உருட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆறு முகமும் ஒரே அளவு, ஆகவே 6 விழ ஆறில் ஒரு வாய்ப்பு. உருட்டாமலே தெரிந்த பதிலுக்கு எதற்கு உருட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து புளியங்கொட்டை போட்டுத் தாயம் ஆடுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதலில் பகடை. வேண்டிய எண் எத்தனை முறை விழுந்ததோ, அதை மொத்த உருட்டல்களால் வகுத்தால் சோதனைவழி நிகழ்தகவு; அவ்வளவுதான். 60 முறை உருட்டி 6 பதின்மூன்று முறை விழுந்தால் 13/60, அதாவது சுமார் 0.22. கணக்குப்படி வரவேண்டியது 0.167. பகடையில் கோளாறா? அவசரப்பட வேண்டாம். 60 உருட்டலில் 6 வரவேண்டியது பத்து முறை; அதில் மூன்று கூடுவதும் குறைவதும் சர்வசாதாரணம். 6,000 உருட்டலில் வரவேண்டியது ஆயிரம்; அதில் 29 அளவு கூடலாம், குறையலாம். எண்ணிக்கையில் விலகல் பெருத்துவிட்டது. மொத்த உருட்டலுக்கான விகிதத்திலோ 5 விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. "இவ்வளவு நேரம் விழலையே, அடுத்தது ஆறுதான்" என்று அடித்துச் சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பகடைக்கு ஞாபகம் கிடையாது. பழைய குறையை யாரும் ஈடுகட்டுவதில்லை. அடுத்து வரும் ஆயிரக்கணக்கான உருட்டல்களில் அது கரைந்துபோகிறது. இதற்கான நிரூபணம் ஜேக்கப் பெர்னூலியுடையது. அவர் இறந்த பிறகு 1713-இல் வெளிவந்தது.

கடைப் பகடையும் அப்படியொன்றும் யோக்கியமில்லை. ஆங்கிலேய விலங்கியலாளர் வெல்டன் 12 பகடைகளைச் சேர்த்து 26,306 முறை எறிந்த கணக்கை 1894-இல் எழுதிவைத்தார். மொத்தம் 315,672 முகங்கள். அதில் 5 அல்லது 6 வரவேண்டியது 105,224; வந்தது 106,602. தற்செயலாக ஏற்படக்கூடிய விலகல் 265 அளவுதான், இங்கே 1,378 கூடுதல். புள்ளிக்காகக் குழி தோண்டியதில் 5, 6 இருக்கும் முகங்கள் லேசாகிவிட்டன என்பது வழக்கமான விளக்கம்.

சரி, புளியங்கொட்டைக்கு வருவோம். ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்ப்பார்கள். மறுபக்கம் பழுப்பாக, கொஞ்சம் உப்பலாகவே இருக்கும். இரண்டு பக்கமும் சமமில்லை, அதனால் "பாதிக்குப் பாதி" என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்ல வழியில்லை. போட்டுப் பார்த்து எண்ணத்தான் வேண்டும். 200 முறை போட்டதில் வெள்ளை 124 முறை மேலே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். நிகழ்தகவு 0.62. இதிலும் 7 விழுக்காடு முன்பின் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைப் பாதியாக்க 800 முறை போடவேண்டும், 400 போதாது. பொறுமை இருப்பவர்களுக்கான வேலை.

இந்த வித்தியாசம் ஆட்டத்தில் எவ்வளவு? நான்கு கொட்டையில் ஒரே ஒரு வெள்ளை மேலே விழுந்தால் தாயம் என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதிக் கணக்கில் நாலுக்கு ஒரு முறை தாயம். 0.62 என்றால் ஏழுக்கு ஒரு முறைதான். காய் இறங்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர் ராசியைத் திட்டுவதற்கு முன் கொட்டையைப் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இந்த 0.62-உம் செல்லாது, எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.