தங்கமீன் தொட்டியில் ஒரு பழுப்பு வழவழப்பு

“வாரம் தவறாமல் தண்ணீரை முழுசாக மாற்றுகிறேன். கூழாங்கல்லைக்கூட பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன். அப்படியும் மூன்றாவது ஜோடி தங்கமீன் பத்தே நாளில் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது என்கிறார் மாமியார். அப்படி நடக்குமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நடக்காது. அந்த மீன்கள் பெரும்பாலும் அம்மோனியாவால் செத்திருக்கும். அவற்றைக் காப்பாற்றக்கூடிய ஒன்று அந்தக் கூழாங்கற்களில் ஒட்டி வளரத் தொடங்கியிருக்கும். வாராவாரம் பிரஷ் அதைத் துடைத்துப் போட்டிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மீன் வாங்கும்போது இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

சாப்பாட்டில் இருக்கும் புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா வரும் என்பது பள்ளிப் பாடம். நம் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. அந்த மாற்றத்துக்கு உடல் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். தங்கமீனுக்கு அந்தச் செலவு வேண்டாம். செவுளின் மெல்லிய தோலுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறு பக்கம் தண்ணீர். ரத்தத்தில் அம்மோனியா அதிகம், தண்ணீரில் குறைவு என்றால் அது தானாகவே வெளியே போய்விடும். குளத்திலோ ஆற்றிலோ அது கரைந்து காணாமல் போகும். பத்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் எங்கே போகும்? நாளுக்கு நாள் தண்ணீரில் அளவு ஏற ஏற, மீனின் கழிவு வெளியேற வழியில்லாமல் ரத்தத்திலேயே தேங்குகிறது. செவுளும் புண்ணாகிறது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். அப்புறம் துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கும்.

தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவும் இதில் சேர்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் சுமார் அரை சதவீதம்தான் கொடிய வடிவத்தில் இருக்கும். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. போர் தண்ணீர் பல ஊர்களில் 8-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

சரி, இந்த விஷத்தை அகற்றுவது யார்? கொஞ்ச நாள் ஓடிய ஃபில்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் ஒட்டும். மழை பெய்த மண் மாதிரி லேசாக வாசனை வரும். அழுக்கு என்றுதான் கை முதலில் நினைக்கும். அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும். இந்த எரிப்பில் கிடைக்கும் சொற்ப ஆற்றல்தான் அவற்றின் மொத்த வருமானம். அதை வைத்து, செடிகளைப் போலவே, கரியமில வாயுவிலிருந்து தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. செடிக்கு வெயில் இருக்கிறது. இவற்றுக்கு மீன் கழிவு இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

வருமானம் சொற்பம் என்பதால் வளர்ச்சியும் மெதுவு. நம் குடலில் வாழும் ஈ. கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டி ‘பழக’ நாலிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. நடுவில் நைட்ரைட் ஏறும் கட்டமும் ஆபத்தானது. அது செவுள் வழியே உள்ளே போய், ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஹீமோகுளோபினை மாற்றிவிடும். ரத்தம் காப்பி நிறமாகும்.

அம்மோனியா நைட்ரைட்டாவது, நைட்ரைட் நைட்ரேட்டாவது என்ற இந்த இரண்டு படிகளைப் பிரித்துக் காட்டியவர் நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். இரண்டு படிக்கும் இரண்டு வகை நுண்ணுயிர் வேண்டும் என்று நூறு வருடத்துக்கு மேல் எல்லோரும் நம்பினோம். 2015-ல் அது உடைந்தது. இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா இனங்களை இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. ஒரு குழுவுக்கு அது கிடைத்தது ரஷ்யாவில் ஓர் ஆழ்கிணற்றின் வெந்நீர்க் குழாயில் படிந்த படலத்திலிருந்து. நெதர்லாந்துக் குழுவுக்குக் கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஃபில்டரிலிருந்து! மீன் தொட்டி வழவழப்பை ஆராயப் பணம் கேட்டால் நம் ஊரில் எத்தனை பேர் கொடுப்பார்கள்? ‘இதனால் என்ன பயன்’ என்பதை முதல் கேள்வியாக வைக்கும் நிதிக் குழுக்கள் இந்தக் கண்டுபிடிப்பை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில், எங்கள் தொட்டியின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெளுக்கும்வரை கசக்கினேன். பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்த தண்ணீர். அந்தக் குளோரினில் பாக்டீரியாக்கள் செத்திருக்கும். நான்காம் நாள் காலையில் பெரிய மீன் மேலே மிதந்தபடி மூச்சு வாங்கியது. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பு. பாதித் தண்ணீரை மாற்றியதும் தேறியது. ஆனால் அந்தக் காலை இன்னும் மனதில் இருக்கிறது.

வாசகிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கிண்ணம் வேண்டாம். தங்கமீன் ஆறு அங்குலத்தைத் தாண்டி வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். ஒரு ஜோடிக்கு ஃபில்டரோடு நூறு லிட்டர் தொட்டியாவது கொடுங்கள். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், நைட்ரேட் அதிலேயே வெளியேறிவிடும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு விட்டுத்தான் ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குத்தான் தீனி. கோடையில் ஏர் பம்ப் நிற்கக் கூடாது: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கு மட்டுமல்ல, ஸ்பாஞ்சில் இருப்பவற்றுக்கும் மூச்சு வேண்டும். கரண்ட் பல மணி நேரம் போனால் அவையும் சாகத் தொடங்கும்.

மாமியாரிடம் கோபம் வேண்டாம். ஆனால் திருஷ்டி என்ற பதிலை ஏற்றுக்கொண்டால் நாலாவது ஜோடியும் அதே தண்ணீரில்தான் விழும். அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது, வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே ஒரு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சை அதில் இரண்டு முறை மட்டும் லேசாகப் பிழியுங்கள். பழுப்பு நிறம் மிச்சம் இருக்கும்போதே திரும்ப மாட்டிவிடுங்கள்.