கீமோ தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: காப்பீட்டு அட்டையும் குழந்தைப் பேறும்

என் சித்தி மகளுக்கு 29 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாமே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது, அதில் குறையில்லை. மூன்றாவது கீமோவுக்கு அப்புறம் மாதவிலக்கு நின்றுபோனது. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து ஒரு டாக்டர், "கருமுட்டையை முன்னாடியே எடுத்து வைத்திருக்கலாமேம்மா" என்றார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள். உயிரைக் காப்பாற்றும் அவசரம் எல்லோருக்கும் இருந்தது, சரி. ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் கல்யாணமான, ஆகாத, இளவயதுப் பெண் யாருக்காவது கீமோ என்று சொல்லியிருந்தால் இன்றைக்கே படியுங்கள், அடுத்த வாரம் தாமதமாகிவிடலாம்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் அட்டை போடலாம்.

இளம் பெண்கள் சிக்கிக்கொள்ளும் முதல் இடம் ரேஷன் கார்டு. கல்யாணம் ஆனதும் அம்மா வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்கிவிடுவார்கள், புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க விண்ணப்பித்தது எங்கோ நிலுவையில் கிடக்கும். நடுவில் அந்தப் பெண் எந்தக் கார்டிலும் இல்லாத ஆளாகிவிடுகிறாள். நோய் தெரிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம், காப்பீட்டு மையம் என்று அலைந்தே நாள் போய்விடும், கட்டி காத்திருக்காது. வீட்டில் புதுப்பெண் இருந்தால் நோய் நொடி எதுவும் இல்லாதபோதே அவள் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று பாருங்கள். வருமானச் சான்றும் அப்படித்தான், நாளைக்கு ஆபரேஷன் என்று சொல்லி இன்றைக்கு வி.ஏ.ஓ.வைத் தேடினால் அவர் அன்றைக்கு ஆபீசில் இருக்க மாட்டார்.

அட்டை கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கீமோவுக்கு நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீடு ஏற்கும் சிகிச்சைகளின் பட்டியலான தொகுப்புக்குள் அடங்கியதற்கு "முன்பணம் கட்டுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் கட்ட வேண்டியதில்லை. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அங்கேயே நின்று போன் செய்யுங்கள். கவுண்டரில் இருப்பவர் கண் முன்னால் செய்தால் பேச்சு மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் கருமுட்டையை எடுத்து உறைய வைக்க இந்த அட்டையை நம்பாதீர்கள். குழந்தையின்மைச் சிகிச்சையும் ஐ.வி.எஃப். போன்றவையும் மத்தியத் திட்டத்தின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கின்றன, தொகுப்பில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய கிடையாது. இங்கே நடப்பது குழந்தையின்மைச் சிகிச்சையே அல்ல, அரசு பணம் கொடுத்துச் செய்கிற கீமோ, கருப்பையின் இரு பக்கமும் உள்ள, கருமுட்டை உண்டாகும் சினைப்பைகளைப் பாதிப்பதற்கு முன்பே முட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தும் முன்னேற்பாடு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. பின்னால் நாங்கள் இதைப் பற்றி விசாரிக்கப் போனபோது நடந்தது இதுதான்: காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டால் மகளிர் மருத்துவத் துறையில் கேளுங்கள் என்றார்கள், அங்கே போனால் புற்றுநோய் டாக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள், அவர் "காப்பீட்டில் வராது என்றால் நான் எதற்குக் கடிதம் தர வேண்டும்" என்றார். மூன்று பேரும் வாயால்தான் சொன்னார்கள், யாரும் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை.

அதனால் கீமோ தேதி கொடுக்கும் அன்றே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த மருந்தில் குழந்தை பெறுவது பாதிக்குமா? அதற்கு முன்னால் கருத்தரிப்பு மையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா?" சைக்ளோபாஸ்பமைடு என்ற பெயர் சீட்டில் இருந்தால் இந்தக் கேள்வியை விடவே விடாதீர்கள், சினைப்பையை அதிகம் பாதிக்கும் மருந்துகளில் அது ஒன்று. வயது கூடக்கூடப் பாதிப்பும் கூடும். கடிதத்தில் நோயின் பெயர், கீமோ தொடங்கும் தேதி, முட்டை வளர ஹார்மோன் ஊசி போடலாமா என்ற மூன்றும் இருக்கட்டும். இது இல்லாமல் போனால் கருத்தரிப்பு மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு வாரம் வீண்.

முட்டை எடுக்க எவ்வளவு நாள் ஆகும்? சுமார் இரண்டு வாரம். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், அவசரத்தில் எந்த நாளிலும் தொடங்கும் முறை வந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி ஆபத்தில்லையா என்று பயப்படுபவர்களுக்கு, அதோடு லெட்ரசோல் மாத்திரை சேர்த்துக் கொடுத்து ஈஸ்ட்ரோஜனைக் குறைவாக வைப்பார்கள். தனியார் மையங்களில் ஊசி, மருந்து, உறைவைப்பு எல்லாம் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டிவிடும், வருடா வருடம் சேமிப்புக் கட்டணமும் உண்டு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்பு மையம் இருக்கிறது, கையில் காசில்லாதவர்கள் முதலில் அங்கே கேட்டுவிட்டு வெளியே போகலாம்.

செலவு தாங்காது அல்லது நேரமில்லை என்றால் கோசெரெலின் அல்லது லியூப்ரோலைடு ஊசி பற்றிக் கேளுங்கள். கீமோவுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி 28 நாளுக்கு ஒருமுறை போடுவது. சினைப்பையை ஓய்வில் வைத்து ஓரளவு காப்பாற்றும். முட்டை சேமிப்புக்கு இது ஈடாகாது, ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல்.

கல்யாணமாகாத பெண் என்றால் இன்னொரு தொல்லை. "கல்யாணச் சான்றிதழ் கொண்டு வாருங்கள், கணவர் கையெழுத்து வேண்டும்" என்று வாசலிலேயே நிறுத்தும் இடங்கள் இருக்கின்றன. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள செயற்கைக் கருத்தரிப்பு முறைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 21 வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணையும் ஏற்கிறது, தனியாக வரும் பெண்ணும் அதில் அடக்கம். 50 வயது வரை. அதே சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணவரோடு சேர்ந்து கருவாக உறைய வைத்தால் 10 வருடம்தான் வைத்திருக்க முடியும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரையே ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் என்று எழுதுவார்கள், அதனால் இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே போட்டுப் பாருங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். குழந்தையின்மை என்பது பாலிசிகளின் நிலையான விலக்குகளில் ஒன்று, விலக்கு எண் 17 என்று பத்திரத்தில் போட்டிருப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, டாக்டர் எழுதும் சொல். கீமோவால் மாதவிலக்கு நின்று, அதனால் உண்டான தொந்தரவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாலும், சீட்டில் குழந்தையின்மை என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அதையே காட்டி மறுத்துவிடுவார்கள். உண்மையில் என்ன காரணமோ அதை, அதாவது கீமோவால் சினைப்பை செயலிழந்தது என்று, தெளிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, ஆனால் கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பலர் போனில் சண்டை போட்டே அந்த ஒரு வருடத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மாதவிலக்கு வரவில்லை என்பதால் கரு தங்காது என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்பி வரும், அது வருவதற்கு முன்பே கூடக் கரு உண்டாகலாம். டாமாக்சிஃபென் சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தையைப் பாதிக்கும், அதனால் தடுப்பு கட்டாயம். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் என்றால் கருத்தடை மாத்திரை வேண்டாம், காப்பர்-டி பற்றிக் கேளுங்கள். மாதவிலக்கு திரும்பி வந்துவிட்டது என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை, சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை எடுத்து டாக்டரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள். குழந்தைக்காக மாத்திரையை நிறுத்தி வைப்பது பற்றி 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 18 முதல் 30 மாதம் சாப்பிட்ட பிறகு இரண்டு வருடம் வரை நிறுத்தியவர்களுக்கு அந்தக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று சொன்னது. நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் டாக்டரிடம் இந்தப் பேச்சை எடுக்கத் தயங்காதீர்கள். எலும்பு அடர்த்தியும் பார்க்கச் சொல்லுங்கள், மாதவிலக்கு சீக்கிரம் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும், அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, பழைய சீட்டுகள். எந்த மருந்து, எத்தனை டோஸ், எந்தத் தேதி என்ற விவரம் இல்லாமல் எந்தக் கருத்தரிப்பு டாக்டரும் பதில் சொல்ல மாட்டார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி, ஆனால் அதே விதி சிகிச்சை தொடங்கி மூன்று வருடம்தான் அவற்றை வைத்திருக்கச் சொல்கிறது. என் தங்கை கேட்கப் போனது நான்காவது வருடத்தில். ரெக்கார்ட்ஸ் அறையில் இருந்தவர் கையை விரித்துவிட்டார். கடைசி கீமோ முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் அன்றே முழு கேஸ் ஷீட்டின் நகலுக்கு எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.