தேனீப் பெட்டி வைத்தும் தக்காளி ஏன் காய்க்கவில்லை?

பசுமைக்குடிலுக்குள் தேனீப் பெட்டி வைத்தேன், பூ உதிர்கிறதே தவிர காய் பிடிக்கவில்லை என்று இந்தப் பருவத்தில் இன்னொருவரும் வந்துவிட்டார். பெட்டி வாங்கும் முன் பூவைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

தக்காளிப் பூவில் மகரந்தப்பைகள் சேர்ந்து கூம்பாக நிற்கும், நுனியில்தான் வழி. கத்தரியில் ஒவ்வொரு பையின் முனையிலும் சின்னத் துளை. இரண்டிலும் தேன் கிடையாது. மகரந்தம் வேண்டுமானால் பூச்சி பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை அடிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைத்து அதை உதிர்க்க வேண்டும். ரோமம் அடர்ந்த, உடல் பருத்த பம்பிள் தேனீ, கட்டையைத் துளைக்கும் கருவண்டு (பெயர்தான் வண்டு, இதுவும் தேனீதான்), நீலப்பட்டைத் தேனீ எல்லாம் இதைச் செய்யும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீ செய்யாது. ஒரு பெட்டி வைத்தாலும் செய்யாது, பத்துப் பெட்டி வைத்தாலும் செய்யாது. சிந்தியதைப் பொறுக்கும், அவ்வளவுதான்.

"தேனீ என்றால் எல்லாம் ஒன்றுதானே?" ஒன்றே இல்லை! உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பெட்டித் தேனீயின் பேரினத்தில் இருப்பவை பத்துப் பன்னிரண்டுக்குள். நாக்கின் நீளம், உடலின் பருமன், பூவைப் பிடிக்கும் விதம் எல்லாமே வேறு வேறு. பூக்களின் வடிவம் அவற்றை ஒட்டித் தலைமுறை தலைமுறையாகத் தேர்வானது. மகரந்தத்தைத் தின்றுவிட்டுப் போகிறவர்களுக்கு வாசலை மூடி, சுமந்து போகிறவர்களுக்குத் திறந்த செடி அதிக விதை விட்டது.

இதற்கு யுகங்கள் வேண்டுமென்பதும் இல்லை. சூரிச் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கடுகினச் செடியை ஒரு பக்கம் பம்பிள் தேனீயிடமும் மறுபக்கம் பூவுக்கு வரும் ஒருவகை ஈயிடமும் விட்டார்கள். ஒன்பதே தலைமுறையில் தேனீப் பக்கத்துச் செடிகள் உயர்ந்து, மணம் கூடின. ஈப் பக்கத்தவை குட்டையாகி, தன்மகரந்தச் சேர்க்கைக்குச் சாய்ந்தன. நம் தோட்டத்தில் எந்தப் பூச்சியை அழிக்கிறோம் என்பது பூவின் எதிர்காலத்தையும் தொடும்.

திறந்தவெளித் தக்காளிக்குப் பெரும்பாலும் காற்றே போதும். குடிலுக்குள் காற்றில்லை, நடுக்காலையில் கொத்துகளைக் கையாலோ அதிர்வுக் கருவியாலோ தட்டிவிடுங்கள். வெளிநாட்டுப் பம்பிள் தேனீயை வரவழைக்கவே வரவழைக்காதீர்கள். சிலியில் அப்படி இறக்கியதால் அங்கத்திய பம்பிள் தேனீ இனம் அருகிவிட்டது. பூத்த வேளையில் மருந்து அடிக்க வேண்டாம். கருவண்டு துளையிட்ட காய்ந்த கட்டையையும், நீலப்பட்டைத் தேனீ கூடு வைத்த மண்சுவரையும் தயவுசெய்து அப்படியே விட்டுவையுங்கள்.