கதிரையில் அமர்ந்து பார்த்தால் தெரிகிறதா?

தொழில்வழிச் சிகிச்சையாளராக நான் வாரம் ஒருமுறை போய்வரும் திருகோணமலை முதியோர் இல்லம் ஒன்றில், மாத நிகழ்ச்சி அட்டவணை அழகாகத்தான் இருந்தது. ஏழு கிழமைக்கு ஏழு நிறம், ஓரமெங்கும் பூ, மேலே பளபளக்கும் லமினேட். பார்க்க வருபவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். பஜனைக்கு மட்டும் மூன்று பேருக்கு மேல் வருவதில்லை. "ஆச்சிமாருக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை" என்றார்கள் ஊழியர்கள்.

ஒருநாள் காலை, ஓர் ஆச்சி வழக்கமாகச் சாய்ந்திருக்கும் கதிரையில் நானே அமர்ந்து பார்த்தேன். அட்டவணையில் தெரிந்தது எதிர்ப்பக்கத்து ஜன்னலும் அதற்கப்பால் மின்னிய கடலும்தான். ஓர் எழுத்துக்கூடப் புலப்படவில்லை.

வயது ஏற ஏற விழிவில்லை மஞ்சளிக்கிறது. நீலமும் பச்சையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துபோகின்றன. 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேர்கிறது. கண்புரையும் இருந்தால் கூச்சம் தாங்காது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, பளபளப்பே வேண்டாம். மாரி மழையில் தாள் ஊறிவிடும் என்பார்கள். ஊறினால் வேறொன்று ஒட்டலாமே!

தமிழுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. சின்னஞ்சிறு கட்டத்துக்குள் 'உடற்பயிற்சி'யை அடைத்தால் அது உடைந்து, 'யிற்சி' அடுத்த வரியில் அநாதையாக நிற்கும். எழுத்தைத் தடிப்பாக்கினால் சுழிகள் அடைபட்டு 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். பெரிதாக்குவதே வழி: கையில் கொடுக்கும் தாளில் எழுத்தளவு 18 புள்ளிக்கு (point) குறையாமல், பத்தடி தள்ளியிருந்து வாசிக்கும் சுவர்த்தாளில் ஓர் அங்குல உயரத்துக்கு. சொல்லும் மாற வேண்டும். 'உடலியக்கச் செயற்பாடு' என்று எழுதி எந்த ஆச்சியை வரவழைப்பது? 'கை கால் பயிற்சி' போதும்.

இந்த அளவில் எழுதினால் ஒரு மாதம் ஒரு தாளில் அடங்காது. அடங்கவும் வேண்டாம். இவர்கள் வாழ்நாளெல்லாம் பார்த்தது நாளுக்கொரு தாள் கிழிக்கும் கலண்டரைத்தானே? அதையே செய்தோம். மேலே கிழமை, கீழே மூன்றே மூன்று நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் நேரமும் இடமும்: 'பஜனை, மாலை 4 மணி, விறாந்தை'. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு, தரையிலிருந்து நான்கடியில் ஆணி அடித்தோம். மாத அட்டவணை அலுவலக அறைக்குப் போயிற்று. போயா எனும் பௌர்ணமி விடுமுறை, ஆடி அமாவாசை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளை எல்லாம் பார்த்து நாள் குறிக்க ஊழியர்களுக்கு அது வேண்டும்.

காலையில் தாள் கிழிக்கும் பொறுப்பை அங்குள்ள ஓர் ஐயா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒருமுறை இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்துவிட்டார். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவது மறுநாள்தான். அன்றே துவாயும் மாற்றுடுப்புமாகப் பதினொரு பேர் வாசலில் வான் வண்டிக்குக் காத்திருந்தார்கள்.