ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர்?

போன சித்திரையில் திசையன்விளையிலிருந்து திரும்பும்போது மச்சானின் காரில் சூட்டுமுள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வள்ளியூர் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூட்டுக்கேற்ப தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றிக் காட்டினார். சுற்றிலும் நகக்கனத்துக்கு வெள்ளைக் காரைப் படிவு. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. "போர் தண்ணியா ஊத்துனிய?" என்றார். ஆமாம், இரண்டு வருசமாக.

அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. காரணம், கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான். பருப்பிலுள்ள பெக்டினை (செல்களை ஒட்டவைக்கும் பசை) இறுக்கிப் பிடிப்பதும் இவைதான், எஞ்சினில் காரையாவதும் இவைதான். கால்சியம் பைகார்பனேட் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். சூடேறினால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்துபோய், கரையாத கால்சியம் கார்பனேட் மிஞ்சும். அது சூடு அதிகமுள்ள இடத்தில், அதாவது சிலிண்டரைச் சுற்றிய சுவரில்தான் முதலில் ஒட்டும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்தக் காரைப் படிவு பல பத்து மடங்கு மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி.

தண்ணீர் குறையக் குறைய ஊற்றுவதில்தான் பெரிய கேடு. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் உப்பு கூடிக்கொண்டே போகும்.

காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாமே என்று மச்சான் கேட்டார். காய்ச்சினால் பைகார்பனேட் மட்டும்தான் படியும், குளோரைடு அப்படியே இருக்கும். அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு தோலைக் குளோரைடு துளைத்து ஊசித்துளை போடும். உவரிப் பக்கக் கடலோரத் தண்ணீருக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

தாமிரபரணித் தண்ணீர் பொதிகையின் கடும்பாறை மேல் ஓடி வருவதால் அதில் சுண்ணாம்பு குறைவு. குடிக்க அமிர்தம். ஆனாலும் அதில் உப்பே இல்லை என்று சொல்ல முடியாது.

சரியானது உப்பு நீக்கிய டிஸ்டில்டு வாட்டர், நம்மூரில் 'பேட்டரி தண்ணி'. (பேட்டரி ஆசிட் வேறு, அதைத் தொடவே கூடாது.) ஆனால் அதை மட்டும் ஊற்றினாலும் உலோகம் அரிக்கும், அதனால் கூலண்ட் (தண்ணீர் உறையாமலும் உலோகம் அரிக்காமலும் காக்கும் திரவம்) சேர்க்க வேண்டும். இங்கே பனி உறையாவிட்டாலும் அதிலுள்ள அரிப்புத்தடுப்பான் நமக்குத் தேவை. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் 107 டிகிரி வரை ஏறும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். அதனால்தான் சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

நடுவழியில் வேறு வழியில்லையென்றால், எஞ்சினை நன்றாக ஆறவிட்டுக் குடிக்கிற தண்ணீரையே ஊற்றி ஊர் வந்து சேரலாம். வந்ததும் அதை முழுக்க வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கூலண்ட் நிரப்ப வேண்டும்.