அந்த டேப்லெட்டை அலமாரியிலிருந்து எடுங்கள்

போன மாதம் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். ஆட்டிசம் உள்ள பையன், பேச்சு வரவில்லை. இருபது நாளாகத் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான், கிட்டப் போனால் கடிக்கிறான், பிடிவாதம் கூடிவிட்டது, அடக்க ஏதாவது வழி சொல்லுங்கள் என்று அம்மா அழுதார். நான் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். வலது காதில் சீழ். இருபது நாளும் அந்த வலியோடுதான் இருந்திருக்கிறான்.

படத்தைத் தொட்டால் பேசும் செயலியோடு அவனுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் 'வலி' இருக்கிறது, 'காது' இருக்கிறது. டேப்லெட் அலமாரியில் இருந்தது. "அதுல பழகிட்டா அப்புறம் வாயத் திறந்து பேசவே மாட்டான்னு சொன்னாங்க மேடம்."

பதினாறு வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்காத மாதமே இல்லை. பக்கத்து வீட்டார் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவர்கள் சொல்கிறார்கள், பள்ளிகள் சொல்கின்றன, என் துறையிலேயே சிலர் சொல்கிறார்கள்.

தவறு. 2006-இல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி இதே கேள்வியைக் கேட்டார்கள். நம்பத்தகுந்த சான்று இருந்த 27 பேரில் 89 சதவீதம் பேருக்கு, படமோ கருவியோ சைகையோ பழகிய பிறகு வாய்ப்பேச்சு கூடியிருந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு மாற்றம் இல்லை. பேச்சு குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. கூடிய பேச்சு பலருக்குக் கொஞ்சம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். கருவி பேச்சை வரவழைத்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பேச்சைக் கெடுக்காது என்பதைத்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆய்வை விடுங்கள், வீட்டில் நடப்பதை யோசியுங்கள். 'தண்ணி' என்று சொல்ல அரை நொடி ஆகுமா? டேப்லெட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, படத்தைத் தொட எவ்வளவு நேரம்? வாயால் சொல்ல முடிந்த பிள்ளை வாயால்தான் சொல்லும். சொல்ல முடியாததால்தான் கையைப் பிடித்து இழுக்கிறது, அழுகிறது, கடிக்கிறது. அதோடு, தொடும்போதெல்லாம் அந்தச் சொல் ஒரே மாதிரி அதன் காதில் விழுகிறது. அது பேச்சுக்கு எப்படிக் கேடாகும்?

"எங்க மாமா அஞ்சு வயசுலதான் பேசினார்" என்பீர்கள். சரி, பேசினார். உங்கள் பிள்ளையும் பேசலாம், பேசாமலும் போகலாம். அதுவரை அவன் பசியையும் பயத்தையும் எதை வைத்துச் சொல்வான்? மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை 'பார்ப்போம்' என்று காத்திருந்தால் பேச்சோடு மொழியும் பின்தங்கிவிடுகிறது. பேச்சு வரும் என்று வசம்பு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தயவுசெய்து வேண்டாம்.

'முதலில் ஒரு இடத்தில் உட்காரட்டும், முகம் பார்க்கட்டும், படம் அடையாளம் காட்டட்டும், பிறகு கருவியைப் பற்றிப் பார்க்கலாம்' என்பதும் வேண்டாம். இதற்குத் தகுதித் தேர்வு எதுவும் கிடையாது.

ஒரு காலத்தில் இந்தக் கருவிகளை லட்சக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. பொறியாளர் அஜித் நாராயணன் சென்னையில், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடு வேலை செய்து 'ஆவாஸ்' கருவியை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. இன்று அது சாதாரண டேப்லெட்டில் ஓடும் செயலி. எதுவும் வாங்க முடியாவிட்டாலும் ஒரு அட்டையில் இருபது படங்களை ஒட்டி இன்றைக்கே தொடங்கலாம்.

ஆனால் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். கைக்குழந்தை ஒரு சொல் சொல்வதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் நம் பேச்சைக் கேட்கிறது. இந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். நீங்கள் பேசும்போது நீங்களும் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். மாதக்கணக்கில் அவன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். பரவாயில்லை, நிறுத்தாதீர்கள். 'இது என்ன, தொடு பார்க்கலாம்' என்று பரீட்சை வைக்காதீர்கள்.

எந்தச் சொற்கள் என்பது அடுத்த விஷயம். எங்கே பார்த்தாலும் ஆப்பிள், பந்து, கார்! பிஸ்கட் கேட்பதற்கு மட்டுமா ஒரு மனிதனுக்கு மொழி? வேண்டாம், நிறுத்து, போதும், வலிக்குது, பயமா இருக்கு, போகலாம், பிடிக்கல, அடிச்சாங்க. இவை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் 'ஆச்சி' என்றால் 'ஆச்சி'தான் இருக்க வேண்டும், 'பாட்டி' அல்ல. உடல் உறுப்புகள் எல்லாவற்றின் பெயரும் இருக்க வேண்டும், நாம் சொல்லக் கூசுபவையும் சேர்த்து. குழந்தையிடம் தவறாக நடப்பவன், வெளியே சொல்ல முடியாத பிள்ளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான். இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை, பார்த்திருக்கிறேன்.

பேசும் டேப்லெட்டில் யூடியூப் வேண்டாம். வேறு டேப்லெட் இல்லையென்றால், ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்', ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' (பழையவற்றில் 'ஸ்க்ரீன் பின்னிங்') போட்டு அந்தச் செயலியிலேயே நிறுத்துங்கள். இரவே சார்ஜ் போடுங்கள். முதல் பக்கத்தை அச்சடித்துப் பையில் வையுங்கள். படங்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், அவன் விரல் அந்த இடத்தைப் பழகியிருக்கும். குறும்பு செய்தான் என்று பிடுங்கி வைக்காதீர்கள். பேசுகிற பிள்ளையின் வாயை அப்படிக் கட்டுவோமா?

இன்னொன்று. பெரியவர் ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் எழுதவைத்து, 'பாருங்கள், இவனே எழுதுகிறான்' என்று காட்டினால் விலகி வந்துவிடுங்கள். சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அந்தச் சொற்கள் கையைப் பிடித்தவருடையவையாகவே இருந்திருக்கின்றன.

'வகுப்பில் மின்னணுக் கருவிக்கு அனுமதி இல்லை' என்று சொல்லும் பள்ளி முதல்வர்களே, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பாடல்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே இப்படிப்பட்ட மாற்று வழிகள் அடங்கும். பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டிய கடமையும் உங்களுக்கு உண்டு. கண்ணாடி போட்ட பிள்ளையிடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வா என்பீர்களா?

அந்தப் பையனின் காது இப்போது ஆறிவிட்டது. நேற்று அவனுக்கு என்னிடம் மூன்றாவது வகுப்பு. 'வேண்டாம்' என்பதை ஏழு தடவை தொட்டான். ஏழு தடவையும் நான் நிறுத்தினேன். எட்டாவது தடவை தொடப் போன விரலை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.