ஆற்று மீனுக்குத் தடைக்காலம் மட்டும் போதுமா?

கதவணைக்குக் கீழே முண்டியடித்து நிற்கும் மீன்களைக் கூடை கூடையாக அள்ளும் காணொளி ஒன்று இந்த வாரமும் என் கைப்பேசிக்கு வந்தது. "சார், எவ்வளவு மீன் பாருங்கள்! இது என்ன ரகம்?" என்று கேட்டவருக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு வயிறு எரிந்தது. புது வெள்ளத்தின் வாடை பிடித்து, முட்டையிட மேலேறி வந்த மீன்கள் அவை. ஷட்டர் மறித்ததால் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒருவர் முதுகில் பேட்டரியும் கையில் கம்பி சுற்றிய மூங்கில் கழியுமாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார். இது குற்றம் என்று பதில் எழுதினேன். "தடைக்காலம்தான் முடிந்துவிட்டதே சார்" என்று மறுமொழி வந்தது.

உள்நாட்டு மீன்வளத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வாயிலிருந்துதான் கேட்பது? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் செய்தித்தாளில் படிக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கானது. காவிரிக்கும் பவானிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொடர்பு இருக்கிறதென்றால் அது தலைகீழானது. கடல் மீன் வரத்து குறையும் அந்த இரண்டு மாதமும் அணை மீனுக்கும் ஆற்று மீனுக்கும் கிராக்கி கூடுகிறது. கோடையில் ஆறு வற்றி, பெரிய மீன்களெல்லாம் மடுவில் ஒடுங்கிக் கிடக்கும் நேரம் அது. அதில் தப்பிப் பிழைத்தவை வெள்ளம் வந்ததும் முட்டையிடக் கிளம்பும்போது "தடை முடிந்தது" என்று கரையில் ஆள் நிற்கிறது.

ஆற்று மீன் நாள்காட்டி பார்த்து முட்டையிடுவதில்லை. நீர்மட்டம் உயர வேண்டும், கலங்கல் வர வேண்டும், தண்ணீர் குளிர வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது மரபு. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அணைக்குக் கீழே வெள்ளம் வரும் நாளில் இரண்டு மாத வேறுபாடு. தேதி குறித்துப் போடும் எந்தத் தடையும் இவற்றில் ஓர் ஆண்டைக் கட்டாயம் தவறவிட்டிருக்கும். அதோடு எல்லா மீனுக்கும் ஒரே பருவமும் கிடையாது. ஆற்றின் மேற்பகுதியில் கெண்டை வகைகள் தென்மேற்குப் பருவமழையில் ஏறுகின்றன. டெல்டாவின் வாய்க்காலிலும் வயலிலும் ஐப்பசி மழைக்குத்தான் கொண்டாட்டம். விலாங்கு நேர்மாறு: முட்டையிடக் கடலுக்குப் போகிறது, அதன் குஞ்சு ஆற்றுக்கு ஏறி வருகிறது.

கேரளத்தில் மழைக்காலத் தொடக்கத்தில் மீன்கள் வயலுக்கும் ஓடைக்கும் ஏறுவதை ஊத்த என்கிறார்கள். அங்கே 2010ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் அந்த நேரத்தில் சினை மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. தேதியைவிட மீனின் பயணத்தைப் பார்த்துப் போட்ட தடை என்பதால் எனக்கு அதில் மரியாதை உண்டு. இருந்தும் ஒவ்வொரு மழைக்கும் அங்கே ஊத்த பிடிக்கிறார்கள், ஒவ்வொரு மழைக்கும் அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள்.

இனி என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் வாதத்துக்கு வருகிறேன். "ஒரு மீன் லட்சம் முட்டை போடும். நான் ஒன்றைப் பிடித்தால் ஆறு காலியாகிவிடுமா?" படித்தவர்களும் கேட்கிறார்கள், மேடையில் பேசுகிறவர்களும் கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பாருங்கள். ஓர் ஆற்றில் ஒரு மீனினம் கூடாமலும் குறையாமலும் இருக்கிறதென்றால், ஒரு சோடி தன் வாழ்நாள் முழுவதும் இட்ட அத்தனை முட்டையிலிருந்தும் சராசரியாக இரண்டே இரண்டு மீன்தான் வளர்ந்து முட்டையிடும் வயதை அடைகிறது. மிச்சமெல்லாம் சேற்றில் மூடி, பூஞ்சை பிடித்து, வெள்ளம் வடிந்து காய்ந்து, பூச்சியும் மற்ற மீன்களும் தின்று போய்விடுகின்றன. அத்தனை பேரிழப்பைத் தாங்கத்தான் லட்சக்கணக்கில் முட்டை. நீங்கள் பிடித்த சினை மீனோ அந்த இழப்பையெல்லாம் கடந்து மிஞ்சிய ஒன்று. அதன் இடத்தை இன்னொன்று நிரப்ப மீண்டும் பல ஆண்டுகள் ஆகும்.

இன்னும் ஒன்று. முட்டையின் எண்ணிக்கை மீனின் உடலோடு ஏறுகிறது. முதல் தடவை சினை பிடிக்கும் சிறிய மீன்கள் பல சேர்ந்தாலும் ஒரு பெரிய தாய் மீன் தரும் முட்டைக்கு ஈடாவது கடினம். நம் சந்தையில் அதிக விலைக்குப் போவதும், படம் எடுத்துப் போடப்படுவதும் அந்தப் பெரிய தாய்தான். எல்லா மீனும் லட்சம் முட்டை இடுவதுமில்லை. மஹசீர் வகைக் கெண்டைகள் எடைக்கு மிகக் குறைவாகவே இடுகின்றன. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் ஒரு காலத்தில் ஆள் உயரம் வளர்ந்த மீன். அதன் அறிவியல் அடையாளம் 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் மிக அருகிய இனம் என்ற பட்டியலிலும் ஏறியது. இன்று அதற்கு மிஞ்சியிருக்கும் புகலிடங்களில் மோயாறு ஒன்று. "அரசுதான் ஆண்டுதோறும் குஞ்சு விடுகிறதே" என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அணைகளில் பெரும்பாலும் விடப்படும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் படுகையின் மீன்கள். அவை தட்டை நிரப்பும். காவிரி இழந்ததைத் திருப்பித் தராது.

விராலின் கதை வேறு. அது முட்டையிட்டதோடு போய்விடாது. செந்நிறக் குஞ்சுகள் நீர்ப்பரப்பில் ஒரே கொத்தாகக் கொதித்துக்கொண்டிருக்க, கீழே பெற்றோர் காவல் நிற்கும். அந்தக் கொத்தைப் பார்த்தே தாய் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துக் குத்தி எடுக்கிறார்கள். காவல் போனதும் மற்ற மீன்கள் குஞ்சுகளை விழுங்கித் தீர்த்துவிடும். அங்கே பிடிபட்டது ஒரு மீன், அழிந்தது ஒரு தலைமுறை.

போன வெள்ளத்தின்போது பறிமுதலான மீன்கள் ஆய்வு மேசைக்கு வந்தன. மின்சாரம் பாய்ச்சிப் பிடித்த கெண்டை ஒன்றின் விலாவில் சாய்ந்த கரும்பட்டைகள், தோலுக்கு அடியில் இரத்தம் கட்டிய தடம். பிளந்து பார்த்தால் முதுகெலும்பு நடுவில் விட்டிருந்தது. மின்சாரம் பட்டதும் இரு பக்கத் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதால் எலும்பு ஒடிந்துவிடுகிறது. வயிற்றை விரலால் நீவியதும் முட்டை தானாக வழிந்தது. இன்னும் ஓரிரு நாளில் இட்டிருக்கும். (ஆய்வுக்காக எங்கள் துறையிலும் மின்கருவி உண்டு. அதில் மின்னழுத்தத்தையும் துடிப்பையும் தண்ணீரின் தன்மைக்கு ஏற்பத் திருத்தி வைப்போம். மீன் மயங்கும், அளந்துவிட்டுத் திருப்பி விடுவோம். வீட்டு இன்வெர்ட்டரை இதோடு ஒப்பிட்டு என்னிடம் யாரும் வாதாட வேண்டாம்.) நீளமான உடலில் மின்னழுத்த வேறுபாடு அதிகம் விழுவதால் பெரிய மீன்தான் முதலில் அடிபடுகிறது. முட்டை அதிகம் வைத்திருக்கும் அதே தாய். வெடித் தோட்டா போட்டால் மீனின் காற்றுப்பை கிழிந்து பல மீன்கள் மூழ்கிவிடும்; மிதப்பதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். பிளீச்சிங் பவுடர் கலந்தால் சிறியது, பெரியது, நத்தை, புழு எதுவும் மிஞ்சாது.

இவற்றுக்குத் தடைக்காலம் என்று ஒன்று தேவையே இல்லை. வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே ஆண்டு முழுவதற்கும் குற்றமாக்கிவிட்டது. அந்தச் சட்டம் பிறந்தபோது அதிகபட்சத் தண்டனை இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம்! அந்தக் காலத்தில் 200 ரூபாய் பெரிய தொகை.

அப்படியானால் ஆற்றில் போடும் தடைக்காலம் யாரை நிறுத்துகிறது? உரிமம் வைத்திருப்பவரை, சங்கத்தில் பெயர் உள்ளவரை, பரிசலோடும் வலையோடும் பகலில் ஆற்றில் இறங்குபவரை. அவர் சட்டத்துக்குப் பயந்து வீட்டில் இருக்கிறார். திருட்டுத்தனமாகத் தோட்டா போடுகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆற்றில் யார் வந்தார், எந்த மடுவில் சத்தம் கேட்டது என்று சொல்லக்கூடிய ஒரே ஆளையும் நாமே கரையேற்றிவிட்டோம். தடை போடும் கூட்டங்களில் இந்த ஒன்றை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

சீனாவின் யாங்சி ஆற்றில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 2003 முதல் ஆண்டுக்கு மூன்று மாதத் தடை. போதவில்லை என்று 2016இல் மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை நான்கு மாதமாக்கினார்கள். தடை முடிந்த மறுநாளே வலைகள் இறங்கின. அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் விரல் நீளம்கூட வளராமல் பிடிபட்டன. மின்சாரம் பாய்ச்சுவோர் பருவம் பார்க்கவேயில்லை. சீனத் துடுப்பு மீன் 2003க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போய்விட்டது என்று 2022இல், அழியும் இனங்களைப் பட்டியலிடும் பன்னாட்டுச் செம்பட்டியலே அறிவித்தது. அதன் இனப்பெருக்கப் பாதையை 1981இல் அணை மறித்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழி மூடிய மீனுக்கு எந்தத் தடைக்காலமும் உதவாது. கடைசியில் 2021 ஜனவரி 1 முதல் யாங்சியில் பத்தாண்டு முழுத் தடை வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் வேறு தொழிலுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் காவல் ரோந்துக்கே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆற்றில் வாழும், முதுகுத் துடுப்பில்லாத சிற்றோங்கில் (டால்பின் போன்ற பாலூட்டி) 2017 கணக்கெடுப்பில் 1,012 இருந்தது, 2022இல் 1,249 ஆகியிருக்கிறது.

பருவத் தடையே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கதேசத்தைப் பாருங்கள். உல்லம் (ஹில்சா) மீன் முட்டையிட ஏறும் அக்டோபர் வாக்கில் 22 நாள் முழுத் தடை. வங்க நாள்காட்டியின் ஆசுவின மாதப் பௌர்ணமியை வைத்து ஒவ்வோர் ஆண்டும் தேதியை மாற்றுகிறார்கள். அதோடு நவம்பர் முதல் ஜூன் வரை 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சைப் பிடிக்கவும் விற்கவும் கூடாது. தடை நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள். 2002-03இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த உல்லம் உற்பத்தி, அந்தப் பத்தாண்டு கழிந்து அடுத்ததும் முடியும் தறுவாயில் 5 லட்சத்தைத் தாண்டியது. முழுப் பெருமையும் தடைக்கே சேராது என்றாலும் தாய்க்கு ஒரு தடை, குஞ்சுக்கு ஒரு தடை, மீனவர் அடுப்புக்கு அரிசி என்று மூன்றும் சேர்ந்து வந்ததைக் கவனியுங்கள். அரிசி பிந்திய ஊர்களில் இரவில் படகு இறங்கியதையும் கவனியுங்கள். காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் ஏறிய காலம் உண்டு. அணைகள் எழுந்தபின் அந்த வரத்து நின்றுபோனது.

ஆகவே ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கும் மீன் வாங்குபவர்களுக்கும் சில வார்த்தைகள்.

வெள்ளக் காலத்தில் சினை மீன் கேட்காதீர்கள். "சினையோடு கொடுங்கள்" என்று நீங்கள் கூடுதலாக நீட்டும் பணம்தான் கதவணைக்கு ஆள் அனுப்புகிறது. விலாவில் கரும்பட்டை, கண்ணில் இரத்தம், தொட்டால் குழையும் வயிறு இருந்தால் வாங்காமல் நகருங்கள், ஏன் வாங்கவில்லை என்றும் சொல்லுங்கள். உணவக உரிமையாளர்களே, யாரிடம் வாங்குகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

தூண்டில்காரர்கள் கதவணை, தடுப்பணை அடிவாரத்தை வெள்ளம் வந்த முதல் வாரங்களில் விட்டுவிடுங்கள். வயிறு நீவினால் முட்டை வழியும் மீன் மாட்டினால் ஈரக் கையால் பிடித்து உடனே விடுங்கள். படம் எடுப்பதற்காக வெயிலில் வைத்திருக்காதீர்கள். விரால் குஞ்சுக் கொத்தைக் கண்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள், தயவுசெய்து. கொசுவலையை ஆற்றில் கட்டாதீர்கள். குத்தகைக்காரர்களுக்கும் இது பொருந்தும். குஞ்சையும் அரித்துவிட்டு அடுத்த ஆண்டு வரத்து இல்லை என்று மனு கொடுப்பதில் பயன் இல்லை.

துறையில் இருக்கும் என் நண்பர்களுக்கு: தடை அறிவித்தால் தேதியை நீர்வரத்தோடு கட்டுங்கள். நிவாரணத்தைத் தடை தொடங்குமுன் கையில் கொடுங்கள். உரிமம் பெற்ற பரிசல்காரரைச் சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வையுங்கள். அவருக்குத் தெரியாத மடு இல்லை. புதிதாகக் கட்டும் எந்தத் தடுப்பணைக்கும் மீன் ஏறும் வழி வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

தண்ணீரில் கம்பி இறங்கியிருப்பதைப் பார்த்தால் வேடிக்கை பார்க்க அருகில் போகாதீர்கள், பிள்ளைகளை விடவே விடாதீர்கள். இந்தக் கம்பியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். கரையேறி நின்று 100ஐ அழைத்து, இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். காணொளி எடுத்திருந்தால் எனக்கு அனுப்புவதற்கு முன் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள்.